மயிலு விழுந்த அன்னிக்கு

கண்ணை மூடிக்கிட்டே கேளு சாமி. அத்தை நிறுத்துற எடத்துல நீ "ம்" சொல்லோணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு நெனைச்சு நான் எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு தென்னந்தோப்பு. சின்னத் தோப்பில்ல, இந்தக் கோடியில நின்னு கூப்பிட்டா அந்தக் கோடிக்குக் கேக்காது. அந்தத் தோப்புல தேங்கா போடறவன் ஒருத்தன், பேரு சென்னியப்பன். மரம் ஏறுறதுன்னா அவனுக்கு, நாம மாடிப்படி ஏறுற மாதிரி. கால்ல கயித்து வளையத்தை மாட்டுவான், இடுப்புல அருவாளைச் செருகுவான், சரக்கு சரக்குன்னு மேல போயிருவான். காத்து அடிச்சா மரம் இப்படி ஆடும், அப்படி ஆடும். அவனும் கூடவே ஆடுவான். அப்புறம் தொப்பு தொப்புன்னு தேங்கா விழும். பயம்னா அது எந்தப் பக்கம் இருக்குதுன்னே அவனுக்குத் தெரியாது.

அவன் பொண்டாட்டி துளசிமணி. கயிறு திரிக்கிற கொட்டாய்க்கு வேலைக்குப் போவா. ரொம்ப வருசம் கழிச்சு அவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. மயிலாத்தான்னு பேரு வெச்சு, மயிலு, மயிலுன்னு கூப்பிட்டாங்க. கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி உப்பிக்கிட்டு இருக்கும், உன்ற கன்னம் இருக்குதே, அந்த மாதிரி.

முழிச்சிருக்கியா?

ம்.

மயிலு தவழப் பழகிட்டிருந்த சமயம். ஒரு நாள் துளசிமணி அவ அக்கா வீட்டு விசேசத்துக்குக் கெளம்புனா. போகையில, "கட்டில்ல படுக்கப் போட்டீங்கன்னா பக்கத்துலயே இருங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போனா.

அப்பனும் மகளும் காலையில இருந்து ஒரே வெளையாட்டு. மத்தியானம் மயிலு தோள்லயே தூங்கிட்டா. மெதுவாக் கயித்துக் கட்டில்ல படுக்க வெச்சு, துண்டால விசிறிக்கிட்டே உக்காந்திருந்தான். அப்போ அடுப்புல புஸ்ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். மயிலு எந்திரிச்சாக் குடுக்கலாம்னு வெச்ச கஞ்சி பொங்குது. எறக்கி வெச்சுட்டு வந்துரலாம்னு போனான். புடிதுணியைத் தேடுனான், சட்டியைப் புடிச்சான், எறக்குனான். அவ்வளவு நேரந்தான்.

தொப்பு.

தேங்கா விழுற சத்தம் அவனுக்குத் தெரியாததா? இது தேங்கா இல்ல.

ஓடி வந்து பார்த்தா மயிலு கட்டிலுக்குக் கீழ கெடக்குறா. ஒரு நொடி மூச்சுப் பேச்சே இல்ல. அப்புறம் "வீல்"னு அழுதா. அள்ளி நெஞ்சோட சேர்த்துக்கிட்டான். நெத்தியில சுண்டக்கா அளவுக்கு ஒரு வீக்கம், வேற ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம் வாசல்ல ஒரு காக்கா வந்து "கா"ன்னுச்சு. மயிலு அழுகையை விட்டுட்டுக் காக்காயைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா. அப்பனுக்குத்தான் அழுகை நிக்கல.

கொழந்தையைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடுனான். அங்க ராக்கியம்மான்னு ஒருத்தி, வீடு நெறையப் புள்ளைங்களை வளர்த்தவ. மயிலு தலையைத் தடவிப் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல, எங்க வீட்டுல விழாத புள்ளையே கெடையாதுன்னா. அவனுக்கு மனசு ஆறல. அந்த வெயில்ல, கால்ல செருப்பில்லாம, தடதடதடன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். அங்க டாக்டரு கண்ணுல லைட் அடிச்சுப் பார்த்தாரு, கையைக் காலை அசைச்சுப் பார்த்தாரு, வாந்தி எடுத்தாளா, பால் குடிக்கிறாளான்னு கேட்டாரு. மயிலு அவரு பாக்கெட்ல இருந்த பேனாவைப் புடுங்குனா. கொழந்த நல்லாத்தான் இருக்குது, வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எந்திரிக்காமத் தூங்குனாலோ மட்டும் உடனே தூக்கிட்டு வான்னு சொல்லி அனுப்புனாரு.

அப்பாடான்னு இருக்கோணும்ல? இல்லையே. துளசிமணிகிட்டச் சொல்லோணுமே.

வர்ற வழியெல்லாம் யோசிச்சான். சாயங்காலத்துக்குள்ள வீக்கம் வடிஞ்சிருச்சுன்னா சொல்ல வேண்டியதில்லைன்னு ஒரு நெனப்பு. கொசு கடிச்சுதுன்னு சொல்லிரலாமான்னு இன்னொரு நெனப்பு. பொழுது சாயையில துளசிமணி பஸ்ஸை விட்டு எறங்கி வந்தா. கொழந்தையைப் பார்த்து அவ சிரிச்சுக்கிட்டே கையை நீட்டுனதும் அந்த ரெண்டு நெனப்பும் எங்கயோ போயிருச்சு.

"விழுந்துட்டா அம்மிணி. நான் பக்கத்துல இல்ல"ன்னான்.

துளசிமணி கொழந்தையை வாங்கி, மடியில போட்டுப் பால் குடுத்தா. மயிலு மொடக்கு மொடக்குன்னு குடிச்சுது. அவ வீக்கத்தை ஒத்தை வெரலால தொட்டுப் பார்த்தா. அவன் எதுத்தாப்புல நின்னுக்கிட்டே இருந்தான். நாலு வார்த்தை திட்டுனாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு அவனுக்கு. பால் குடுத்து முடிச்சுட்டு அவ, "சோறு தின்னீங்களா?"ன்னு கேட்டா. அவன் தின்னல.

கேக்குதா சாமி?

ம்.

வீக்கம் வடிஞ்சு போச்சு. மயிலு அதை மறந்தே போயிட்டா. சென்னியப்பன் மறக்கல. மொதல்ல கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டுத் தரையில பாயை விரிச்சான். மயிலு சரசரன்னு பாயை விட்டு வாசப்படிக்குப் போயிட்டா. அப்புறம் பாயைச் சுத்தித் தேங்கா மஞ்சி, அதாங் கயிறு திரிக்கிற நாரு, அந்த மூட்டைகளை அடுக்கிக் கோட்டை கட்டுனான். மயிலு சாக்குல ஓட்டை போட்டு, மஞ்சியை வாயில வெச்சுக்கிட்டு லொக்கு லொக்குன்னு இருமுனா. மூணாவதா, இதெல்லாம் ஆகாதுன்னு, ஒரு பழைய சேலையை எடுத்துக் கொழந்தையைத் தன் நெஞ்சோட கட்டிக்கிட்டான். உக்காந்தாலும் மயிலு நெஞ்சுல, நடந்தாலும் நெஞ்சுல. அது எறக்கி விடச் சொல்லிக் காலை உதைக்கும். அவன் விட மாட்டான்.

தோப்புக்காரர் ஆள் அனுப்பிக்கிட்டே இருந்தாரு, காயெல்லாம் முத்திப் போச்சு, எப்போ வர்றேன்னு. உடம்பு சரியில்ல, நாளைக்கு, நாளான்னைக்குன்னு இவன் தள்ளிக்கிட்டே போனான். கடைசியில துளசிமணி கொழந்தையை அவிழ்த்து வாங்கிக்கிட்டு, போயிட்டு வாங்கன்னு அனுப்பி வெச்சா.

போனான். மரத்துல ஏறுனான். பாதி மரம் போயிருப்பான், பக்கத்து மரத்துல இருந்து காஞ்சு போன ஒரு நெத்துத் தேங்கா தானா விழுந்துச்சு.

தொப்பு.

அவ்வளவுதான். கை வேர்த்து வழுக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நழுவி எறங்கி, மரத்தடியிலயே உக்காந்துட்டான். துளசிமணி கொழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டுச் சோத்துத் தூக்கோட வந்தப்பவும் அப்படியே உக்காந்திருந்தான்.

என்னாச்சுன்னு கேட்டா. சொன்னான். கண்ணை மூடுனாலும் அந்தச் சத்தந்தான் கேக்குது, நான் பக்கத்துல இருந்திருக்கோணும், இனிமே என்னால மரம் ஏற முடியாது போலன்னான்.

துளசிமணி பக்கத்துல உக்காந்தா.

"ஏனுங்க, நீங்க மரம் ஏறப் போற ஒவ்வொரு நாளும் எனக்கு இப்படித்தான் இருக்கும். கொட்டாயில கயிறு திரிச்சுக்கிட்டு இருப்பேன். எங்கயாவது தொப்புன்னு கேட்டா கை நின்னுரும். உங்க சைக்கிள் சத்தம் கேக்குற வரைக்கும் அப்படித்தான்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருசத்துல ஒரு தடவைகூட இதை அவ சொன்னதில்ல.

"அப்புறம் எதுக்கு என்னை அனுப்பி வெச்ச?"

"உங்களைக் கட்டியா போட முடியும்?"ன்னா.

அப்போ மயிலு மடியில இருந்து நெளிஞ்சு நெளிஞ்சு எறங்குச்சு. சென்னியப்பன் கையை நீட்டிட்டு, அப்புறம் அந்தக் கையை மடக்கிக்கிட்டான். மயிலு மண்ணுல தவழ்ந்து போயி, அந்தத் தென்னமரத்தைப் புடிச்சுது. ஒரு கை வெச்சுது, இன்னொரு கை வெச்சுது, "ம்ம்ம்"னு முக்கி எந்திரிச்சு நின்னுருச்சு. அதுவரைக்கும் அவ நின்னதே இல்ல. நின்னு, திரும்பி அவங்களைப் பார்த்துப் பொக்கை வாயால சிரிச்சா. சிரிக்கையில கை நழுவிருச்சு.

பொத்துன்னு உக்காந்துட்டா.

உதடு பிதுங்குச்சு. அழலாமா வேண்டாமான்னு தெரியாம அப்பன் முகத்தையே பார்த்தா. ஓடிப் போயி அள்ளிக்கோணும்னு இருந்துச்சு அவனுக்கு. ஆனா முகத்துல அதைக் காட்டல. மெதுவா, கஷ்டப்பட்டு, சிரிச்சான்.

மயிலு அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் பிதுங்குன உதட்டை உள்ள இழுத்துக்கிட்டு, மறுபடியும் மரத்தைப் புடிக்கப் போயிட்டா.

அப்புறம் அவன் சோறு தின்னான். துளசிமணி கொழந்தையைத் தூக்கிக்கிட்டுத் தூரமா வரப்புல போயி உக்காந்தா. அவன் வளையத்தைக் கால்ல மாட்டிக்கிட்டு ஏறுனான். வேகமா இல்ல, நின்னு நின்னு. பயம் கூடவே ஏறுச்சு. கீழ துளசிமணி ஒரு கையால நெஞ்சை அமுக்கிக்கிட்டா, இன்னொரு கையால மயிலுக்கு மேல காட்டுனா, "அங்க பாரு, உன்ற அய்யன் போறாரு பாரு"ன்னு.

உச்சிக்குப் போயி அவன் கையை ஆட்டுனான். மயிலும் ஆட்டுனா.

சாமி?

...ம் கூட வரலையே. கதையும் கொட்டாவி விட்டுருச்சு. போர்வையை இழுத்துவிட்டாச்சு. நீ தூங்கு கண்ணு.