செவலையின் ஈர நாக்கு

அந்தக் காலத்தில், கேட்டால் சேறுகூடப் பதில் சொல்லும். பசுக்கள் அப்போது புல் தின்பதில்லை. உதிர்ந்த பழமும் கிழங்கும்தான் அவற்றுக்குத் தீனி. ஒரு கோடையில் மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. செவலை என்ற பசுவுக்கும் அவளுடைய மூன்று மாதக் கன்றுக்கும் மிஞ்சியது புல் மட்டுமே. தின்றார்கள். இருவருக்கும் வயிறு மத்தளமாக உப்பியது. கன்று மரத்தடியில் விழுந்துவிட்டது.

தண்ணீர் தேடி ஏரிக்குத் தள்ளாடிப் போனாள் செவலை. அங்கே ஒரே ஒரு குட்டைதான் பாக்கி. அதன் அடியிலிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது.

"யாரது, அடியில மூச்சு விடறது?"

குட்டையில் கிடந்த எருமைக்குச் சிரிப்பு. "சாகப்போற நேரத்துலயும் உனக்கு விசாரணைதானா, மதினி?"

"தெரியாமலே சாகச் சொல்றியா?"

சேற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் ஆதி. கண்ணுக்குத் தெரியமாட்டேன். காற்று பிறக்கும் முன்பே பிறந்தவன். பிறகு வந்த காற்று எங்கள் இனத்துக்கு விஷமாகிவிட்டது. சேற்றில் ஒளிந்தோம். இப்போது சேறும் காய்கிறது."

"என் வயிறு ஏன் இப்படி உப்புது?"

"புல்லைக் கரைக்கும் சிற்றுயிர்கள் உன் வயிற்றில் இருக்கின்றன. கரைக்கும்போது ஓர் ஆவி கிளம்பும். அது முட்டியதும் அவை வேலையை விட்டுவிட்டன. எங்களுக்கோ அந்த ஆவிதான் சோறு."

"என் வயித்துல காத்து உண்டா?"

"இல்லை. கும்மிருட்டும் வெதுவெதுப்பும்தான்."

"அப்புறம் என்ன யோசனை? வா!"

ஒரே உறிஞ்சு. குட்டை காலி.

"என் படுக்கையையே குடிச்சிட்டியே!" என்று கத்தியது எருமை.

உள்ளே ஆதியின் கூட்டம் பந்தியில் உட்கார்ந்தது. சாப்பிட்டு முடித்து அது வேறோர் ஆவியை விட்டது. விருந்தாளி மேல் காற்றுப் படுமோ என்று செவலை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வயிறு மறுபடி ஏறியது.

"வெடிச்சுத் தொலையாதே, வாயைத் திற!" என்றது எருமை.

திறந்தாள். ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம். வயிறு வடிந்தது.

அப்போதுதான் கன்றின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். குட்டை இருந்த இடம் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கன்றுக்கென்று ஒரு வாய் சேறுகூட அவள் விட்டுவைக்கவில்லை.

மரத்தடிக்கு ஓடினாள். கன்றின் கண் செருகியிருந்தது.

"ஆதி, என் பிள்ளைகிட்டப் போவியா?"

"வழியெல்லாம் காற்று, தாயே. பாதிப் பேர் செத்துப்போவோம்."

"மீதிப் பேரு?"

"எச்சில் காயாமல் இருந்தால் போய்ச் சேரலாம். உன் ஒரு வயிற்றை நம்பி எங்கள் குலமும் எத்தனை நாள் இருக்கும்? கொண்டு போ."

செவலை வயிற்றிலிருந்ததை எக்கி வாய்க்குக் கொண்டுவந்து மென்றாள். நாக்கில் எச்சில் ஊறியது. கன்றின் மூக்கை நக்கினாள், உதட்டை நக்கினாள், கழுத்தை நக்கினாள். நாக்கு காயும்போதெல்லாம் மறுபடி எக்கினாள், மறுபடி மென்றாள். நாக்கு புண்ணாகியும் நிறுத்தவில்லை. கன்று தன் உதட்டை ஒருமுறை சப்புக்கொட்டியது.

பொழுது சாயும் நேரத்தில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. "ஏவ்."

"உன் மகனும் விருந்து வைக்க ஆரம்பிச்சிட்டான்!" என்றது, படுக்கை போனதால் அவள் பின்னாலேயே வந்திருந்த எருமை.

அடுத்த கன்றுக்கு அவள் மூன்று மாதம் காத்திருக்கவில்லை. அன்று முதல்தான் தாய்ப்பசு, ஈன்ற களைப்போடு எழுந்து, வேறெதையும் பார்க்காமல், நாக்கின் ஈரம் காய்வதற்குள் கன்றை நக்கத் தொடங்கிவிடுகிறது.