முதலை முட்டைக்கு விட்ட டெண்டர்

என் இரண்டு கண் மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இந்த நிமிடமே உதிர்ந்து விழட்டும்! விழுந்ததா? இல்லையே? அப்படியானால் கேளுங்கள்.

ஒரு காட்டாற்றின் மணல் திட்டில் முதலை ஒன்று முட்டையிட்டுப் புதைத்து வைத்திருந்தது. குஞ்சு பொரிக்க இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் வெள்ளம் திட்டை மூடிவிடும் என்று கொக்குகள் சொல்லிவிட்டுப் பறந்தன.

முதலை பதறிப்போய்ப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓடியது. ஒரு மருத மரத்தடிதான் அந்த அலுவலகம். கரடி அங்கே அதிகாரி. முள்ளம்பன்றி எழுத்தர். தன் முதுகு முள்ளைப் பிடுங்கித்தான் அது எழுதும். அந்த அலுவலகத்தின் உத்தரவு இல்லாமல் காட்டில் யாரும் எதையும் சுமக்கக் கூடாது.

“ஐயா, என் முட்டைகளை மேட்டு மணலுக்கு மாற்றித் தாருங்கள். ஒரே ஒரு தடவைதான். எனக்குக் கவ்வத்தான் தெரியும், பதமாகத் தூக்கி வைக்கக் கை கிடையாது” என்றது முதலை.

“எத்தனை முட்டை?” என்று கேட்டது முள்ளம்பன்றி.

“முப்பதுக்கு மேல் இருக்கும்.”

“மேல், கீழ் எல்லாம் எழுத முடியாதம்மா! முப்பது.”

“இன்னொன்றும் எழுதுங்கள் ஐயா. மண்ணில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ, அந்தப் பக்கம் மேலேயே இருக்க வேண்டும். குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புரட்டினால் உள்ளேயே செத்துப்போகும்.”

முள்ளம்பன்றி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. போன வருடம் விளாம்பழம் ஏற்றிய டெண்டரைப் பார்த்து எழுதிய தாள் அது.

“இதில் எண்ணிக்கைக்கு இடம் இருக்கிறது. உடைசலுக்கு இடம் இருக்கிறது. மேல்பக்கத்துக்கு இடம் இல்லையே!”

மறுநாள் மருத மரத்தடியில் டெண்டர் திறந்தார்கள். முதலில் உடும்பு வந்தது.

“எனக்குக் கூலியே வேண்டாம்!” என்றது. “கொஞ்சம் சேதாரம் மட்டும் அனுமதித்தால் போதும்!”

“ஆகக் குறைந்த தொகை!” என்று முள்ளம்பன்றி முள்ளைத் தூக்கியது.

“எழுதிப் பார்!” என்று முதலை வாயைத் திறந்தது. உடும்பு போன இடம் தெரியவில்லை.

அடுத்து ஆமை வந்தது.

“நானும் மண்ணில் முட்டை புதைக்கிறவள்தான், கரடியாரே. என் முதுகில் ஈர மண் பூசி, முட்டையைப் பதித்து, இருந்தபடியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இரண்டு நாள் ஆகும்.”

“இதற்கு முன் முதலை முட்டை சுமந்ததற்குச் சான்று உண்டா? மூன்று வேண்டும்” என்றது கரடி.

“இந்தக் காட்டில் யாருமே சுமந்ததில்லையே!”

“அதனால்தான் சான்று கேட்கிறோம்! தள்ளி நில்.”

பின்னாலேயே குரங்குக் கூட்டத்தின் தலைவன் கடுவன் குதித்து வந்தது.

“விளாம்பழம் ஏற்றியதற்கு மூன்று சான்று இருக்கிறது சாமி! முட்டையும் உருண்டை, பழமும் உருண்டை. அதற்கும் ஓடு, இதற்கும் ஓடு. ஒரே நாழிகையில் முடித்துவிடுவோம்! ஒன்று உடைந்தாலும் கூலி வேண்டாம்!”

கரடிக்கு முகம் மலர்ந்தது. தாளில் தன் பாதத்தை வைத்து அழுத்தியது. முதலை பேச வாயெடுத்தது.

“வேலை உன் கையை விட்டுப் போய்விட்டதம்மா. இனி அது அரசாங்க வேலை!” என்று கரடி எழுந்துபோனது.

குரங்குகள் ஆற்றங்கரை நெடுக வரிசையாக நின்றன. முட்டைகள் கைக்குக் கை பறந்தன. ஒரு குட்டிக் குரங்கு காலாலும் பிடித்தது. “மெதுவாக! புரட்டாதே! ஐயோ, புரட்டாதே!” என்று முதலை வரிசைக்கு இணையாகத் தண்ணீரில் நீந்திக்கொண்டே கத்தியது.

“ஒன்றாவது உடைந்ததா, பாட்டி? சும்மா கத்தாதே!” என்றது கடுவன்.

முப்பதாவது முட்டையோடு குரங்குகள் நிறுத்திவிட்டன. குழியில் இன்னும் மூன்று கிடந்தன.

“தாளில் முப்பது. மீதி எங்கள் வேலை இல்லை!” என்று வாழைத் தோப்புப் பக்கம் போய்விட்டன.

குரங்குகள் மேட்டு மணலில் ஒரே பெரிய குழியில் இறக்கியதை முள்ளம்பன்றி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. “முப்பது. உடைசல் இல்லை. வேலை திருப்தி” என்று எழுதியது.

திட்டில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. குழியின் விளிம்பில் ஆமை நின்றது.

“உத்தரவு இல்லாமல் சுமந்தால் உன்னைக் காட்டைவிட்டுத் துரத்துவார்களே!” என்றது முதலை.

“வழி விடு” என்றது ஆமை.

ஒன்றைச் சுமந்துபோய் மேட்டின் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்து அடுத்ததை எடுத்தது. மூன்றாவதற்கு வரும்போது தண்ணீர் அதன் கழுத்துவரை வந்துவிட்டது. ஓட்டின் மேல் ஈர மண்ணில் முட்டை அசையாமல் இருந்தது.

இருபது நாள் முதலை இரை எடுக்கவில்லை. பொரிக்கும் காலத்தில் குஞ்சுகள் மண்ணுக்கு அடியிலிருந்து கூப்பிடும், தாய் தோண்டும். இருபத்தோராம் நாள் முதலை மணலில் தாடையை வைத்துக் கேட்டது. மேட்டின் ஓரத்திலிருந்து மூன்று குரல்கள் வந்தன. நடுவில் முப்பது முட்டைகள் இருந்த பெரிய குழியில் சத்தமே இல்லை. மூன்றையும் தோண்டி எடுத்துவிட்டு, அந்தப் பெரிய குழியில் மறுபடி தாடையை வைத்தது. இருட்டும்வரை வைத்திருந்தது.

மறுநாள் கரடி பார்வையிட வந்தது. முதலை ஒவ்வொரு முட்டையாகத் தோண்டி அதன் காலடிக்கு உருட்டிவிட்டது.

“எல்லாம் முழுசாகத்தானே இருக்கிறது?” என்றது கரடி.

“ஆமாம் ஐயா. ஒன்றுகூட உடையவில்லை. நீங்கள் கேட்டது அதுதானே!”

கரடி ஒரு முட்டையைக் கையில் எடுத்தது. அது குளிர்ந்திருந்தது. கீழே வைக்கத் தெரியாமல், எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று கரடி வெகுநேரம் திகைத்து நின்றது.

ஒரே ஒரு தடவைதான் செய்ய முடிகிற வேலைக்குப் பழைய தாளைப் பார்த்து ஆள் தேடாமல், அதன் அருமை தெரிந்தவரிடம் முதலில் காது கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். அந்த மூன்று முட்டையைச் சுமந்தது யார் என்று முள்ளம்பன்றி இன்னும் விசாரித்துக்கொண்டு திரிகிறது. கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான்தான் என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சுவிடாதீர்கள்!