யார் வீட்டுக் கல்

"யாரு வீட்டை இடிச்ச கல்லோ என்னமோ. நம்ம தலையில கட்றாங்க."

பந்தலுக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்த குழந்தைவேலுவின் காதில் அது விழுந்தது. அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தார்.

பந்தலுக்கு முன்னால் பூமி பூஜை நடந்துகொண்டிருந்தது. பாறைக்காடு காலனிக்கு நகரத்துக் கட்டுநர் சங்கம் ஓர் அங்கன்வாடி கட்டித் தருகிறது. சங்கத்தில் பசுமைப் பணிக்கும் சமூகப் பணிக்கும் ஒரு குழு உண்டு. அதன் தலைவர் குழந்தைவேலு. அறுபதை நெருங்குகிறவர். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்டரிங் வேலையில் தொடங்கி, அடுக்குமாடி கட்டும் அளவுக்கு வந்தவர்.

நகரத்தில் இடிக்கிற வீடுகளின் கழிவெல்லாம் லாரி லாரியாகக் குளக்கரையில்தான் கொட்டப்பட்டு வந்தது. கொட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒரு நாள் குளத்தைச் சுற்றி நடந்தபோது, தண்ணீர் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்ததைப் பார்த்தார். அதன்பின் சங்கத்தில் பேசிப் பேசி ஒரு களம் அமைத்தார். இடிபாட்டை அங்கே கொண்டுவந்து அரைத்து, சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்திக் கல்லாக எடுத்தார்கள். சங்கம் அதற்குப் பசுமைக் கல் என்று பெயர் வைத்தது. அந்தக் கல்லால் எழும் முதல் கட்டடம் இந்த அங்கன்வாடி. இது நின்றால் களம் நிற்கும். இல்லாவிட்டால் லாரிகள் மறுபடி குளத்துக்குப் போகும்.

மறுநாள் காலையில் காலனிப் பெண்கள் சிலர் களத்துக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் கோகிலவாணி. நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவள். இப்போது வாடகை அறையில் நடக்கும் அங்கன்வாடிக்கு அவள் மகன் போகிறான்.

"பசுமைக் கல்லுங்கறீங்க. பார்த்தா சாம்பல் கலர்ல இருக்குது" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

கோகிலவாணி சிரிக்கவில்லை.

"இது யாரு வீட்டுக் கல்லுங்க?"

"இதுங்களா, நல்ல ஸ்ட்ராங்கான கல்லு. செங்கல்லைவிடத் தாங்கும். லேப் ரிப்போர்ட் இருக்குது" என்றார் குழந்தைவேலு.

"எங்க புள்ளைகளுக்கு இந்தக் கல்லு வேண்டாமுங்க" என்றாள் அவள்.

அவர்கள் போய்விட்டார்கள். வேலை நின்றது.

*

சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் கூடத்தில் வகுப்பு நடக்கும். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற கட்டுமானம் பற்றிய வகுப்பு. நடத்துபவர் செண்பகம், பாலிடெக்னிக்கில் ஆசிரியை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலையைக் காட்டிவிட்டு, போன் வந்ததுபோல எழுந்து வெளியே போய்விடுவார்கள். குழந்தைவேலு மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பார். செண்பகத்தைவிட அவருக்குப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்து நின்றால் செண்பகமும் எழுந்து நிற்பார்.

அன்று வகுப்பு முடிந்ததும் குழந்தைவேலு போகவில்லை.

"என்னங்கண்ணா?"

"இத்தனை படிச்ச காலத்துலயும் இப்படி இருக்கறாங்க டீச்சர். நல்ல கல்லை வேண்டாங்கறாங்க. எப்படிப் புரிய வெக்கறதுன்னு சொல்லிக் குடுங்க."

செண்பகம் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க என்ன கேட்டாங்க?"

"யாரு வீட்டுக் கல்லுன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எவ்வளவு பாரம் தாங்கும்னு சொன்னனுங்க."

துடைப்பது நின்றது.

"அண்ணா, உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப, யாரு வீட்டுப் பையன்னு விசாரிச்சீங்களா, எத்தனை கிலோ தூக்குவான்னு விசாரிச்சீங்களா?"

குழந்தைவேலு சத்தமாகச் சிரித்தார். கதவருகே செருப்பு மாட்டும்வரை சிரிப்பு இருந்தது. மாட்டிய பிறகு இல்லை.

ஆனாலும் அவருக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. அடுத்த வாரம் காலனியில் திரை கட்டிப் படம் போட்டார். வெளிநாட்டில் இடிபாட்டைக் கொண்டு கட்டிய பள்ளிக்கூடங்களைக் காட்டினார். குளம் சுருங்கிப்போன கதையைச் சொன்னார். எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், சுண்டலைச் சாப்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள்.

"படம் நல்லாருந்துச்சுங்க. அந்த ஊருல மழையே நிக்காதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சங்கத்தின் செயலாளர் குழந்தைவேலுவைத் தனியே கூப்பிட்டார்.

"எதுக்குங்க வம்பு? சூளைச் செங்கல் எறக்கிக் கட்டிக் குடுத்துட்டுப் போயிடலாம். ஐப்பசி மழைக்குள்ள கூரை போட்டாகணும். புள்ளைக இருக்கற வாடகை ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம்."

"அப்ப களத்துல அடுக்கி வெச்ச கல்லு?"

"நம்ம சங்க ஆபீசுக்கே வெச்சுக்கலாம். மாடியில புது ரூம் கட்டறமல்ல?"

"நல்லதுங்க. உங்க ரூமுலருந்தே ஆரம்பிச்சரலாம்."

செயலாளர் கொஞ்சம் யோசித்தார்.

"ரூமுக்கு வேண்டாமுங்க. வராந்தாவுக்கு வெச்சுக்கலாம்."

*

இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் குழந்தைவேலு மறுபடி செண்பகத்திடம் போனார். செண்பகமும் சிரித்தார். பிறகு, "களத்தைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார்.

இருவரும் போனார்கள். அரவை எந்திரம் ஓடவில்லை. இடிபாடு ஒரு சிறு குன்றுபோல் குவிந்திருந்தது. செண்பகம் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குவியலில் ஏறினார்.

"பார்த்துங்க டீச்சர், கம்பி கிடக்கும்."

செண்பகம் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரின் துண்டு.

"இது யாரு வீடுங்கண்ணா?"

"தெரியலீங்க."

இன்னொரு துண்டு. மயில் படம் போட்ட பூஜையறை ஓடு. மயிலுக்குத் தலை மட்டும் இருந்தது.

"இது?"

"மேற்க இருந்து வந்த லோடா இருக்கும். சரியாத் தெரியலீங்க."

மூன்றாவது துண்டில் பென்சில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எந்த வீட்டிலோ ஒரு குழந்தை வளர வளர உயரம் குறித்திருக்கிறார்கள்.

அது யார் வீடு என்று செண்பகம் கேட்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் லாரி ஓட்டுநர் ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். குழந்தைவேலு அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எந்த வீடுன்னு நாங்க பார்க்கறதில்லீங்க. எடுன்னா எடுப்போம், கொட்டுன்னா கொட்டுவோம்" என்றார் ஓட்டுநர்.

செண்பகம் கீழே இறங்கி வந்தார்.

"அண்ணா, அந்தப் பொண்ணு கேட்டது தப்பான கேள்வியா, இல்லை நம்மகிட்டப் பதில் இல்லாத கேள்வியா?"

குழந்தைவேலு குவியலைப் பார்த்தார். அது அவரே அமைத்த களம். இத்தனை நாளில் ஒரு லோடு எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டதில்லை.

"பதில் இல்லீங்க."

"பதில் தெரிஞ்ச வீடு ஒண்ணு இருந்தா?"

குழந்தைவேலு காரை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"தெற்கு வீதியில எங்கப்பா கட்டுன வீடு இருக்குதுங்க. நான் பொறந்த வீடு. ரொம்ப வருசமா வாடகைக்கு விட்டிருந்தோம். இப்பக் காலியாத்தான் கிடக்குது. அடுத்த மாசம் இடிச்சுப்போட்டு ஃபிளாட் போடறதா பிளான். கதவு, ஜன்னலைப் பழைய மரக்கடையில எடுத்துக்குவாங்க. மிச்சம் இங்கதான் வரும். அதைத் தனியா அரைச்சு, தனியா அடுக்க முடியும்."

"அங்கன்வாடிக்குப் போதுமா?"

"சுவத்துக்குத் தாராளமாப் போதும்."

"அப்புறம் என்னண்ணா?"

அவர் காரில் ஏறவில்லை.

"எங்கம்மா அந்த வீட்டுலதான் போனாங்க."

"சரி."

"அது பரவால்லைங்க. வயசானவங்க. இன்னொண்ணு இருக்குது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மூத்தது ஒரு அக்கா. மூணு வயசுல காய்ச்சல் வந்து அங்கயே போயிட்டா. நான் பார்த்ததில்லை. அங்கன்வாடிக் குழந்தைக வயசு. அதைச் சொன்னா எந்தத் தாயி ஒத்துக்குவா? வீடு என்னோடதுன்னு சொல்லிரலாம். அம்மாவைச் சொல்லிரலாம். இதைச் சொல்லணுமுங்களா டீச்சர்?"

செண்பகம் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"கல்லு நம்மளுது, சுவரும் நாமதான் கட்டறோம். புள்ளை அவங்களுது. அதுல எதை மறைக்கலாம்னு எங்கிட்டக் கேக்கறீங்களாண்ணா?"

குழந்தைவேலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

*

அங்கன்வாடிக்குக் கல்லாகப்போகிற வீட்டை வந்து பார்க்கும்படி குழந்தைவேலு கூப்பிட்டிருந்தார். இடிப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, காலனிப் பெண்கள் பஸ் ஏறித் தெற்கு வீதிக்கு வந்தார்கள். குழந்தைவேலு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்றார். வீட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். எல்லோருக்கும் டீயும் பன்னும் வந்தன. செண்பகமும் வந்து பின்னால் நின்றுகொண்டார்.

பெண்கள் அறை அறையாகப் பார்த்தார்கள்.

"அடுப்படியே எங்க வீட்டத்தனை இருக்குது!"

"இதை எதுக்குங்க இடிக்கறீங்க? அப்படியே எங்க பேருல எழுதிக் குடுத்துருங்க."

"எழுதிக் குடுத்தா யாருடி கூட்டறது இத்தனையும்?"

"அந்தக் கதவை யாரு எடுத்துக்கறாங்க? நல்ல தேக்கு மாதிரி இருக்குது."

"கண்ணு வெக்காதடி, மரக்கடைக்காரன் வந்து கண்ணு வெச்சாச்சாம்."

குழந்தைவேலு தான் பிறந்த அறையைக் காட்டினார். முற்றத்தில் மாமரம் இருந்த இடத்தைக் காட்டினார். அப்பா சுவரில் முதல் கல் வைத்தபோது கொத்தனார் கோபித்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

கோகிலவாணி சிரித்துக்கொண்டே கேட்டாள். தோளில் அவள் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறியதுமே தூங்கிவிட்டானாம்.

"ஏனுங்க, இந்த வீட்டுல யாராச்சும் செத்திருக்காங்களா?"

"ஏய், என்னடி கேள்வி இது, டீ குடிச்ச கையோட" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"கேக்கட்டுமுங்க" என்றார் குழந்தைவேலு. முன்னறைக் கதவைத் தள்ளித் திறந்தார். "எங்கம்மா. இந்த ரூமுலதான். ரொம்ப நாள் படுக்கையில இருந்தாங்க. கடைசியா காப்பி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள போயிட்டாங்க."

"ஒரு வாய்கூடக் குடிக்கலீங்களா?"

"இல்லீங்க."

பெண்களில் ஒருத்தி, "ச்சு" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெண்கள் தலையாட்டிவிட்டு நகரத் தொடங்கியிருந்தார்கள். குழந்தைவேலு செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருத்தரும் உண்டுங்க" என்றார் அவர். "எங்கக்கா. மூணு வயசு. காய்ச்சல். இதே ரூமுதான்."

தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். கதவருகே நின்ற ஒருத்தி தன் பெண்ணின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"பேரென்னங்க?" என்றாள் கோகிலவாணி.

"வள்ளியாத்தா."

"போட்டோ இருக்குதுங்களா?"

"இல்லீங்க. அந்தக் காலத்துல ஏது. நல்லாப் பேசுமாம். தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டு உள்ள வெச்சுக்குமாம். அம்மா சொல்வாங்க."

"இவனும் அப்படித்தான்" என்றாள் அவள். "பால்காரனைப் போக விடமாட்டான்."

அவள் அறைக்குள் போனாள். ஜன்னலிலிருந்து காற்று வந்தது. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துத் தரையை ஒருமுறை தட்டிவிட்டு, மகனைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கி, அங்கே படுக்கவைத்தாள். அவன் ஒருக்களித்துச் சுவர்ப் பக்கமாகத் திரும்பித் தூங்கினான். அவள் மரத்துப்போன கையை உதறிவிட்டுக்கொண்டு, மற்றவர்களோடு கொல்லைப்புறத்தைப் பார்க்கப் போனாள்.