ஜெபகனி வராத காலை

“நான் ஓட்டினா ஓடுது, சிஸ்டர். நான் இல்லாதப்ப ஓட மாட்டேங்குது” என்றாள் ஜெபகனி.

குரலில் பாதி குறை, பாதி பெருமை.

சிஸ்டர் ஜெனோவா கம்ப்யூட்டர் அறையின் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“எதுக்கு வருத்தப்படுறீங்க? ஓடுறதுக்கா, ஓடாததுக்கா?”

“ஓடாததுக்குத்தான்.”

“முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே.”

அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் மையக் கம்ப்யூட்டரான சர்வர் முழுக்க, கன்னியாஸ்திரியான சிஸ்டர் ஜெனோவாவின் பொறுப்பு. ஜெபகனியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த மிஷினோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் அவரிடம்தான் வர வேண்டும். ஜெபகனியும் அப்படி வந்தவள்தான். கேட்ட கேள்விக்கு அவரிடமிருந்து நேரே பதில் கிடைத்ததாக ஆஸ்பத்திரியில் யாரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான்.

குழந்தைகள் வார்டில் எந்தப் பிள்ளைக்கு, அன்றைய எடைக்கு, எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுத் தாள் அடித்துத் தர ஜெபகனி சர்வருக்கான கட்டளைகளைக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். யாருடைய உதவியும் இல்லாமல், தானே. காலையில் மாதா கோவிலில் மூவேளைச் செப மணி அடிக்குமுன் அந்தத் தாள் வார்டில் இருக்க வேண்டும். மணி அடித்ததும் ஊசி போடத் தொடங்கிவிடுவார்கள்.

விடியுமுன் அதை ஓட்டிவிடும்படி கிரானிடம் சொல்லி வைத்திருந்தாள். கிரான் என்பது சர்வருக்குள் இருக்கிற அலாரக்காரன். இந்த நேரத்துக்கு இந்த வேலை என்று சொல்லிவிட்டால் போதும். பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுந்து செய்துவிடும்.

செய்யவில்லை.

அதனால் ஜெபகனி தினமும் இருட்டில் கிளம்பி, முதல் பஸ் பிடித்து வந்து, தன் கையால் ஓட்டினாள். அவள் ஓட்டியபோது ஒரு நாள்கூட அது முரண்டு பிடித்ததில்லை.

“நீ ஒருத்தி இல்லன்னா எங்க பாடு திண்டாட்டம்தான், கனி” என்பார் வார்டு நர்ஸ் கிரேனாப்பு அக்கா, தாளை வாங்கும்போதெல்லாம். அதைக் கேட்டதும் தூக்கக் கலக்கம் எங்கேயோ பறந்துவிடும். அடுத்த நாளும் பஸ் ஏற அது போதுமானதாக இருந்தது.

ஆனால் வீட்டில் ரூபி இருந்தாள். இன்னும் நடக்கத் தொடங்காத பிள்ளை. போன மாதம் காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்தபோது ஜெபகனி பஸ்ஸில் இருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு, பஸ் படியில் கால் வைக்கிற ஒவ்வொரு விடியலிலும் ஜெபகனி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்.

கிரேனாப்பு அக்காவிடம் அதைச் சொன்னதில்லை. சிஸ்டர் ஜெனோவாவிடமும் சொன்னதில்லை.

*

“சரி. கிரான் ஓட்டினா அது என்ன சொல்லுது?” என்றார் சிஸ்டர்.

“பொய் சொல்லுது.”

“என்ன பொய்?”

“எடைக்கணக்குன்னு ஒரு புரோகிராம் கிடையவே கிடையாதுங்குது. அதைத்தான் ஸ்கிரிப்ட் முதல்ல கூப்பிடும். அது இருக்கு, சிஸ்டர். நானே எழுதி, நானே வெச்சது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா நாய்க்குட்டி மாதிரி ஓடி வருது. பாருங்க.”

ஓட்டிக் காட்டினாள். ஓடி வந்தது.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். கிடையாதுன்னு யார்கிட்ட சொல்லுச்சு?”

“கிரான்கிட்ட.”

“ம்” என்றார் சிஸ்டர். கண்ணாடியில் ஒரு கறை விடாமல் நின்றது. அதை நகத்தால் சுரண்டினார்.

ஜெபகனிக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். நேரம் தப்போன்னு மாத்திப் பார்த்தேன். அதிகாரம் பத்தலையோன்னு ரூட்டாவே ஓட விட்டேன். அப்பவும் அதே பாட்டுத்தான்.”

ரூட் என்றால் சர்வரில் எல்லாக் கதவும் திறந்துவிடும். அதற்கு மேல் அங்கே ஆள் கிடையாது.

சிஸ்டர் துணியை உதறி ஜன்னல் கம்பியில் காயப்போட்டார்.

“காபி குடிச்சீங்களா?”

“இல்ல.”

சிஸ்டர் வராந்தாவை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். சிஸ்டர் பிலோமின் வந்தார். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ள முந்தின நாள் சாயங்காலம்தான் வேறொரு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். கன்னியர் மாற்றல் அப்படித்தான். கையில் ஒரு பை. பழைய மடத்திலிருந்து வேறு எதுவும் கூட வராது.

“சிஸ்டர், இவங்க ஒரு வேலை சொல்வாங்க. சொன்னதை மட்டும் செய்ங்க.”

ஜெபகனிக்குக் கூச்சமாகப் போயிற்று. “வேண்டாம் சிஸ்டர், நானே போய்...”

“சொல்லுங்க.”

“ஒரு காபி, சிஸ்டர். என் டம்ளர்ல. சீனி வழக்கம்போல.”

சிஸ்டர் பிலோமின் தலையாட்டிவிட்டுப் போனார்.

வரவில்லை.

சமையல்கட்டுப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்து மூடியது. இன்னொரு கதவு திறந்தது. யாரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்டார்கள். ஜெபகனி எழுந்தாள். சிஸ்டர் ஜெனோவா கையைக் காட்டி உட்கார வைத்தார்.

கடைசியில் வந்தார். கையில் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. உள்ளே பாலும் வெந்நீரும்.

“காபித்தூள் ஆம்படலை. டம்ளர் அடுக்கா இருக்கு, உங்களுது எதுன்னு தெரியல. இது மட்டும் தனியா கழுவிக் கவுத்தி வெச்சிருந்துச்சு. சீனி போடலம்மா. எங்க மடத்துல அதான் வழக்கம்.”

“சிஸ்டர், இது லேப் குவளை.”

“எது எங்க உள்ளதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

அவர் கோபப்படவில்லை. குவளையை ஜெபகனியின் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியைக் கொஞ்சம் யோசித்து, எதிர்ப்பக்கமாகப் போனார்.

ஜெபகனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “பாவம். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல.”

“அதிகாரம் பத்தலையோ என்னவோ” என்றார் சிஸ்டர் ஜெனோவா. “பேசாம பிஷப் ஆக்கிப் பார்ப்போம். காபித்தூள் ஆம்பட்டிரும்.”

ஜெபகனி வாய்விட்டுச் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. ஏதோ ஒன்று மிகப் பக்கத்தில் வந்து, கைக்கு எட்டாமல் நின்றது.

போன் அடித்தது.

*

அவள் கணவன் பொன்சிங்.

“ஏட்டி, பிள்ளைக்கு லேசா சுடுது. மருந்து எங்க?”

ஜெபகனி எழுந்தாள். “வழக்கமான இடத்துலதாங்க.”

“வழக்கமான இடம்னா எது?”

“நான் எப்பவும் எடுக்கிற இடம்.”

“நீ எடுக்கிறப்ப நான் என்ன பக்கத்துல நின்னா பார்த்தேன்? இங்க ஊர்ப்பட்ட டப்பா கெடக்கு. மருந்தைக் காணோம்.”

பின்னால் ரூபி சிணுங்கினாள். சிணுங்கல் அழுகையாகிக்கொண்டிருந்தது.

“காணோம்னு சொல்லாதீங்க. இருக்கு. நானேதான் வெச்சேன், நான் கை நீட்டினா...”

நிறுத்தினாள்.

இன்னொரு கையில் லேப் குவளை இருந்தது. பால் ஆறிப்போயிருந்தது.

“ஏட்டி, கேக்குதா?”

ஜெபகனி குவளையைக் கீழே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தன் வீட்டு வாசலில், அந்த வீட்டை ஒருநாளும் பார்த்திராத ஒருத்தியாகப் போய் நின்றாள்.

“என்னங்க, வாசல்ல இருந்து வாங்க.”

“நான் வீட்டுக்குள்ளதான நிக்கேன்.”

“தெரியும். நான் சொல்றபடி வாங்க. வாசல். முன் ரூம். அதைத் தாண்டி சமையல் ரூம். உள்ள போனதும் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழ அலமாரி. அதுல மேல் தட்டு. மஞ்சள் மூடி போட்ட டப்பா. திறங்க. உள்ள மருந்து பாட்டில் இருக்கும். கூட ஒரு அளவு மூடி. அதுல டாக்டர் கோடு போட்டுத் தந்திருக்காங்க. அந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.”

நடக்கும் சத்தம். மூடி திறக்கும் சத்தம்.

“இருக்கு” என்றான் பொன்சிங்.

“கொடுங்க.”

காத்திருந்தாள். சிஸ்டர் ஜெனோவா கழுத்தில் தொங்கிய சிலுவையைப் பிடித்தபடி நின்றார். அழுகை உயர்ந்தது, தடுமாறியது, இறங்கியது.

“குடிச்சிட்டா. துப்பல. நீ கொடுத்தாத்தான் குடிப்பான்னுல்லா நெனச்சிருந்தேன்.”

“நானும்தான்” என்றாள் ஜெபகனி.

*

“வீட்டுக்குக் கிளம்புங்க” என்றார் சிஸ்டர்.

“கிளம்புறேன். இதை முடிச்சிட்டுப் போனாத்தான் நாளைக்கு விடியக்காலம் பிள்ளையை விட்டுட்டு வர வேண்டியிருக்காது.”

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சிஸ்டர் தலையசைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஜெபகனி உட்கார்ந்தாள்.

அவள் தன் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்ததுமே சர்வர் அவளுக்காக எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடும். எடைக்கணக்கை எங்கே போய்த் தேடணும், தாளை எந்தப் பிரிண்டருக்கு அனுப்பணும், எல்லாம். முன்னொரு நாள் அவளே சொல்லி வைத்தவை. சொன்னதையே மறந்துபோயிருந்தாள். கிரானுக்கு அவற்றில் எதுவும் தெரியாது.

இப்போது ஒவ்வொன்றாக அவற்றைக் கழற்றி வைத்தாள். பெயர் இல்லை. பழக்கம் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பையோடு வந்து இறங்கியவள்போல, அந்த வெறும் நிலையில் ஸ்கிரிப்ட்டை ஓட்டினாள்.

*கிடையாது* என்றது.

அவள் கையாலேயே அது ஓடாமல் போனது அதுதான் முதல்முறை.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவள்போல ஜெபகனி நிமிர்ந்தாள். “ஓடலை, சிஸ்டர்” என்றாள். முகமெல்லாம் மலர்ச்சி.

“வாழ்த்துகள்” என்றார் சிஸ்டர்.

எடைக்கணக்கு என்று வெறுமனே பெயர் எழுதியிருந்த இடத்தில், சர்வரின் வாசலிலிருந்து தொடங்கி, எந்த அறை, அதற்குள் எந்த அறை, அதில் எந்தத் தட்டு என்று முழு விலாசத்தையும் எழுதினாள். மறுபடி வெறும் நிலையில் ஓட்டினாள். இம்முறை எடைக்கணக்கு வந்தது. ஆனால் தாள் வரவில்லை. எந்தப் பிரிண்டர் என்று கேட்டு நின்றது.

“கேக்கத்தானே செய்யும்” என்று அதனிடமே சொல்லிக்கொண்டு அதையும் எழுதினாள். குழந்தைகள் வார்டு. கதவுப் பக்கம் உள்ளது.

ஓட்டினாள்.

தூரத்தில், வராந்தாவின் அந்தக் கோடியில், பிரிண்டர் கிறீச்சிட்டது.

“நாளைக்கு நீங்க வரக்கூடாது” என்றார் சிஸ்டர் ஜெனோவா.

“ஓடலைன்னா?”

“கிரேனாப்பு அக்கா பழையபடி கையால கணக்குப் போடுவாங்க. ஊசி கொஞ்சம் தாமதமாகும். பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது.”

“நீங்க இங்க இருப்பீங்கல்ல?”

“இந்த ரூமைப் பூட்டிட்டு கோவில்ல இருப்பேன். செபத்துல.”

ஜெபகனி பையை எடுத்து மாட்டினாள். கதவுவரை போனவள் நின்றாள்.

“எனக்குப் பயமா இருக்கு, சிஸ்டர்.”

“எதுக்கு? ஓடாதுன்னா, ஓடிரும்னா?”

ஜெபகனி பஸ்ஸுக்குப் போனாள்.

*

மறுநாள் விடியுமுன் பழக்கத்தில் விழிப்பு வந்துவிட்டது.

முதல் பஸ் தெருமுனையில் ஹார்ன் அடித்தது. யாருக்கோ நின்றது. அவளில்லாமல் போயிற்று.

ரூபி அவள் மேல் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டாள். தூங்குகிற பிள்ளைக்கு இருக்க வேண்டிய சூடுதான். பொன்சிங் புரண்டு படுத்து, “போகலியா?” என்றான். “இல்ல” என்றாள். அவன் நம்பாமல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

இந்நேரம் கிரான் எழுந்திருக்கும். அறிமுகமில்லாத வீட்டில், வாசலிலிருந்து ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டிருக்கும். ஜெபகனி கூடவே மனதால் நடந்தாள். ஒரு படி விட்டுவிட்டேனோ என்று ஒருமுறை நின்றாள்.

ஜன்னல் வெளுத்தது.

போன் அதிர்ந்தது. பிள்ளை விழிக்காமல் கையை மட்டும் நீட்டி எடுத்தாள்.

“கனி, எங்க இருக்க?” கிரேனாப்பு அக்கா.

“வீட்லக்கா.”

“வெளையாடாத.”

“வீட்லதான் அக்கா. பிள்ளை மேல கெடக்கா.”

“தாள் வந்திருச்சே. ஒண்ணொண்ணா சரிபார்த்துட்டேன், எல்லாப் பிள்ளைக்கும் சரியா இருக்கு. நான் விளக்கைப் போடுறேன், பிரிண்டர் அது பாட்டுக்கு அடிச்சுத் தள்ளுது. ஓடிப்போய்ப் பார்த்தா கம்ப்யூட்டர் ரூம் பூட்டிக் கெடக்கு. ஜெனோவா சிஸ்டர் கோவில்ல முழங்கால் போட்டிருக்காங்க.”

போனுக்குள் மூவேளைச் செப மணி அடிக்கத் தொடங்கியது.

“அப்ப யார்தான் ஓட்டினது?”

ஜெபகனி பிள்ளையை அணைத்தபடி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் அவள் அவ்வளவு பெருமையாகப் பதில் சொன்னதில்லை.

“யாருமில்லக்கா.”