ஒட்டடைக்கோலும் தேன்சிட்டும்

மலையடிவாரத்து மடத்தில் ஏகாம்பரத்தின் கையில் ஒட்டடைக்கோல் இல்லாத காலை கிடையாது. லாரி ஓட்டிய கை. பிடித்தால் உடும்புப் பிடிதான். மனைவி போய்ச் சேர்ந்தாள், மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். அவர் வந்த நாளிலிருந்து மடத்துச் சிலந்திகளுக்குக் கெட்ட காலம்.

மடத்தை நடத்திய அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஏகாம்பரத்துக்கு அவர் அம்மாதான்.

தாழ்வாரத்துத் துணிக்கொடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டப் பார்த்தது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். நாரும் சருகும் கொண்டுவந்து கம்பியில் வைக்கும். காற்றடித்தால் எல்லாம் தரையில் கிடக்கும். மறுபடி கொண்டுவரும், மறுபடி விழும். ஏகாம்பரம் பெருக்கித் தள்ளுவார்.

"அம்மாம் பெரிய காடு இருக்கு. இங்க வந்து உசிரை வாங்குது" என்றார்.

"மனுஷ நடமாட்டம் இருந்தா காக்கா, பாம்பு கிட்ட வராது. நம்மை நம்பித்தான் வருது" என்றார் அம்மையார்.

"நம்பி என்ன பிரயோஜனம்? கட்டத் தெரியலையே!"

அம்மையார் சிரித்தார்.

அன்று மத்தியானம் மகள் செல்வாம்பிகை போன் செய்தாள். வளைகாப்பு நெருங்குகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும். அந்த வீடோ பூட்டிக் கிடக்கிறது.

"அம்மாதான் இல்லை. நீங்களுமாப்பா?" என்று கேட்டு அழுதாள்.

ஏகாம்பரம் போனை வைத்தார். கோலும் கையுமாக நேரே அம்மையாரிடம் போய் நின்றார்.

"எல்லாத்தையும் உதறிட்டேன். இந்தப் பொண்ணுங்கிற ஒரு இழைதான் மிச்சம். இதையும் அறுத்தாத்தானே துறவு? அறுத்துடவா அம்மா?"

அம்மையார் அவர் கையிலிருந்த கோலை வாங்கிச் சுவரில் சாய்த்தார்.

"நான் சொல்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க."

"கேட்டதுக்குப் பதில்?"

"அதுதான்."

மூலைக்கு மூலை சிலந்திகள் குடியேறின. ஏகாம்பரத்துக்குக் கை நமநமவென்று அரித்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஒரு நாள் காலை அந்தச் சிட்டு உத்தரத்து மூலையில் சிறகடித்தபடி அந்தரத்தில் நின்றது. வலையை அலகால் இழுத்துச் சுருட்டியது. கொடிக்கம்பியில் கொண்டுபோய்ச் சுற்றியது. அதில் நாரை ஒட்டியது. மறுபடி வலைக்குப் பறந்தது.

நாளாக நாளாகச் சுருக்குப் பை மாதிரி ஒரு கூடு தொங்கியது. மலைக்காற்று வந்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. கூடு ஆடியதே தவிர விழவில்லை.

"அட! ஒட்டடையிலயா கட்டுது?"

"வேற எதுல கட்டும்? அதுகிட்ட ஆணி இருக்கா, கயிறு இருக்கா?"

"ஐயோ, நான்தானே இத்தனை நாளும் அடிச்சுத் தள்ளினேன்!"

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போனவர் பையோடு வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் மகளிடம் போய்விடலாம்.

"வரேன் அம்மா. திரும்பி வந்தா அந்தக் கோலை என்கிட்டயே கொடுப்பீங்களா?"

"அது எங்கேயும் போகாது. நீங்க முதல்ல வீட்டைத் திறங்க. இவ்வளவு நாள் பூட்டிக் கிடந்த வீடு, ஒட்டடை மண்டியிருக்கும்" என்றார் அம்மையார். "போனதும் எல்லாத்தையும் அடிச்சுடாதீங்க."