இன்பராஜுக்கு வந்த விலை

“அம்மா, அவனைப் பிடிச்சு வைக்கவா, விட்டுரவா?”

செருப்பைக் கழற்றும் முன்பே தெய்வசிகாமணி கேட்டுவிட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு அங்கயற்கண்ணிக்கு முப்பத்தாறு. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஊரில் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒன்பது வருஷமாக அவர் இந்த மலைக்கு வந்துகொண்டிருந்தார்.

குரு கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

“யாரை?”

“எங்க இன்பராஜைம்மா.”

தெய்வசிகாமணி ஒரு கூடைப்பந்து அணியின் மேலாளர். இன்பராஜ் அந்த அணியின் தூண். ஆறடி எட்டு அங்குலம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த பையனைக் கூட்டிவந்து, பந்தைக் கையில் கொடுத்ததே இவர்தான். நான்கு வருஷ ஒப்பந்தம் வைகாசியில் முடிந்தது. மேற்கே ஒரு பணக்கார அணி, வருஷத்துக்கு நாற்பது லட்சம் என்று எழுதி நீட்டிவிட்டது. அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஆனால் அதோடு முடிந்துவிடாது. அந்த லீக்கின் விதி அப்படி. முதல் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்கு வெளியார் விலை பேசினால், பழைய அணிக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. ‘அதே தொகையை நாங்களும் தருகிறோம்’ என்று மேலாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஆட்டக்காரன் பழைய இடத்திலேயே இருந்தாக வேண்டும். அவனுக்குப் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்ற பேச்சே கிடையாது.

அன்று மூன்றாம் நாள். மாலை ஐந்து மணிக்குக் கெடு.

“கையெழுத்துப் போட என்ன தடை?” என்றார் குரு.

“பயமா இருக்கும்மா.”

“போடுறதுக்கா?”

“போடுறதுக்கும் பயம். போடாம இருக்கவும் பயம்.”

போட்டால் நாற்பது லட்சம். அதற்காக வேறு இரண்டு பையன்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு இவன் முழங்கால் போனால் அணியே படுத்துவிடும். போடாவிட்டால் இன்னும் மோசம். இவர் வளர்த்த பிள்ளை அடுத்த மாதமே எதிரணிச் சட்டையில் வந்து இவர் கூடையிலேயே பந்தைப் போடுவான். ஊர் சும்மா விடாது. வேலையும் போகும். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். குரு ஒரு சேலையைப் பிழிந்து கொடியில் போட்டார்.

“மணி ஒன்பது ஆச்சும்மா. ஒரு வார்த்தை சொல்லுங்க. அதன்படி செஞ்சிடுறேன்.”

“கீழே தோப்பு மடத்துல ஒரு சாமியார் இருக்காரே, தெரியுமா?”

“தெரியும்.”

“அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அவர் என்ன சொல்றாரோ, அதையே நானும் சொல்றேன். ஒரு சொல் குறையாது.”

வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துத் தெய்வசிகாமணி சிரித்தார்.

குரு சிரிக்கவில்லை. அடுத்த துணியை எடுத்தார்.

தோப்பு மடத்துக்கு முந்நூறு படி இறங்க வேண்டும். தெய்வசிகாமணியின் மூட்டுகளுக்கு அது பிடிக்காத கணக்கு. ஆனாலும் இறங்கினார்.

பாதிப் படியில் ஒரு விஷயம் அவருக்கே விநோதமாக இருந்தது. இன்பராஜைப் பற்றிய பயம் கொஞ்சம் ஒதுங்கி, அந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார்? நான் என்ன தப்பு செய்தேன்? போன மாதம் வரவில்லையே, அதனாலா? இனி வர வேண்டாம் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரா?



தோப்பு மடத்துச் சாமியார் நல்ல மனிதர். நீண்ட பூஜை முடிந்து வந்ததும் இவரை உட்கார வைத்து, மின்விசிறியை இவர் பக்கம் திருப்பிவிட்டு, முழுக் கதையையும் கேட்டார். யோசிக்கவும் செய்தார்.

“பிடிச்சதை விடாதப்பா. விட்டா, அது உன்னையே எதிர்த்து வரும்.”

விபூதி கொடுத்து அனுப்பினார். நல்ல பதில்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடியும் முந்நூறு படி. மேலே வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குரு ஒரு சொம்பில் மோர் கொடுத்தார்.

“என்ன சொன்னார்?”

தெய்வசிகாமணி சொன்னார்.

“சரி. நானும் அதையேதான் சொல்றேன். பிடிச்சதை விடாதீங்க. விட்டா, அது உங்களையே எதிர்த்து வரும்.”

தெய்வசிகாமணி சொம்பை வாயிலிருந்து எடுத்தார்.

“அவ்வளவுதானாம்மா?”

“அவ்வளவுதான். அவர் சொன்னதுல ஏதாவது குறைஞ்சிருக்கா?”

“இல்லை.”

“கேட்டது கிடைச்சாச்சு. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

தெய்வசிகாமணி சொம்பைக் கீழே வைத்தார். குருவிடம் குரலை உயர்த்துவது தப்பு என்று தெரிந்தே உயர்த்தினார்.

“ஒன்பது வருஷமா வர்றேனேம்மா! நான் எதுக்குப் பயப்படுவேன், எதுக்கு அழுவேன், எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் விஷயத்துல உங்களுக்கா ஒண்ணும் தோணலையா? அந்தச் சாமியாருக்கு என் பேர்கூடத் தெரியாது. அவர் சொன்னதையே திருப்பிச் சொல்றதுக்கு நீங்க எதுக்கு? வெளியில போய்க் கேட்டுட்டு வா, அதையே தர்றேன்னு, யாரோ எவரோ மாதிரி என்னை...”

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

சித்திரை மாதம் இன்பராஜ் இவருடைய அறைக்கு வந்திருந்தான். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, என்னை என்ன செய்யலாம்னு இருக்கீய?” என்று கேட்டான்.

இவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதலில் விலை சொல்கிறவன் ஏமாளி. அந்தத் தொழிலில் எல்லா மேலாளரும் ஓதுகிற வேதம் அது. இவரும் ஓதினார்.

“வெளியில போய் ஒரு விலை வாங்கிட்டு வா தம்பி. எவ்வளவா இருந்தாலும் சரி, அதையே நாங்க கொடுத்துடுவோம்.”

பின்னால் கேள்விப்பட்ட நிர்வாகிகள் கெட்டிக்காரத்தனம் என்று முதுகில் தட்டினார்கள். இவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்று இன்பராஜ் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு வாசல் நிலைக்குக் குனிந்து வெளியே போனான்.

தெய்வசிகாமணி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பையன் வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம்?” என்றார் குரு.

“மூணு மணி நேரம்.”

“இன்னும் ஏன் நிக்கிறீங்க?”

இன்பராஜ் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். தெய்வசிகாமணி படியேறும்போது மணி நாலரை. கையெழுத்துப் போட வேண்டிய தாள் பையில் இருந்தது. பேனாவும் இருந்தது. மூன்று நாளாகப் பட்டதெல்லாம் என்ன பயம், இதுவல்லவா பயம் என்று தோன்றியது.

கதவைத் தட்டவும் யோசித்தார். தட்டினார்.

இன்பராஜ்தான் திறந்தான். இவரைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் மரியாதை குறையாமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

“உக்காருப்பா.”

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

“மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லை தம்பி.”

“நானும் உறங்கல அண்ணாச்சி.”

“நீ ஏன்? நான் கையெழுத்துப் போடாம விட்டுருவேனோன்னு பயமா?”

இன்பராஜ் இல்லை என்று தலையசைத்தான்.

“போட்டுருவீயளோன்னு.”