லண்டன்ல இருந்து வந்த மிளகுத்தண்ணி

எஸ்தர் முதல் ஸ்பூனை வாயில வச்சதுமே முகத்தைச் சுளிச்சிட்டா. அடுப்பு மேடையில இருந்து அந்தச் சூப்போட டப்பா எட்டிப் பார்த்துக்கிட்டிருந்துச்சு.

"என்னல இது, பாயசமா?" காய்ச்சல்ல நாக்கு செத்துக் கிடந்தவ அவ.

"மிளகுத்தண்ணிம்மா," ன்னான் லண்டன்ல இருந்து லீவுக்கு வந்த மகன் டேனியல். "வெள்ளைக்காரங்க வாயில மல்லிகட்டானின்னு ஆயிட்டு. நம்ம பேருதான், டப்பாவுலயே போட்டிருக்கு பாருங்க."

"பேரைக் குடிச்சா காய்ச்சல் போகுமால?"

மருமக ஷீபா கிண்ணத்தை வாங்கித் தொட்டியில கொட்டிட்டு, மிளகை எடுத்து அம்மியில வச்சா.

டப்பாவுக்குத் தாங்கல. "மிளகு, நீயாவது எடுத்துச் சொல்லேன். நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான."

நசுங்கிக்கிட்டே மிளகு கேட்டுச்சு, "உனக்குள்ள நான் எங்க இருக்கேன்?"

"கப்பலேறும்போது நீயும் கூடத்தான் இருந்த. அங்க போனா, காரம்னாங்க. உன்னைக் கொஞ்சம் குறைச்சேன். ஆப்பிள் போடுன்னாங்க, போட்டேன். கிரீம் ஊத்துன்னாங்க. மாட்டேன்னா மேசைக்கே விடமாட்டாங்களே."

"சரி, என்னை மொத்தமா எப்ப இறக்கிவிட்ட?"

டப்பா யோசிச்சு யோசிச்சுப் பார்த்துச்சு. ஞாபகமே வரல.

"பேரை மட்டும் விடவே இல்ல," ன்னுச்சு மெதுவா.

மிளகு அதுக்குள்ள கொதிக்கிற தண்ணிக்குள்ள போயிருச்சு. எஸ்தர் அதை ஊதி ஊதிக் குடிச்சா. நெத்தி வேர்த்துச்சு. அப்படியே தூங்கிட்டா.

மறுநாள் ஷீபா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "மூடி நல்லா இறுக்கமா இருக்கு, தூரப் போட மனசு வரல." மிச்சமிருந்த சூப்புப் பொடியைக் குப்பையில தட்டினா. கழுவி, வெயில்ல காயவச்சு, கடையில இருந்து புதுசா வந்த மிளகை வாய் வரைக்கும் நிரப்பினா.

டப்பா சிலிர்த்துப் போச்சு. பேரும் மிளகும் ஒரே இடத்துல. எத்தனை தலைமுறை ஆச்சு.

"ஏட்டி, எதுல என்ன இருக்குன்னு எழுதி ஒட்டு," ன்னு கட்டில்ல இருந்தே எஸ்தர் சொன்னா. "பிறகு கிடந்து தேடணும்."

ஷீபா ஒரு துண்டுப் பேப்பர்ல 'மிளகு'ன்னு எழுதி, பசை தடவி, டப்பாவோட பேரு மேலயே ஒட்டி அழுத்தினா.

உள்ள இருந்த புது மிளகு கேட்டுச்சு, "ஏய், நீ யாரு? எங்க இருந்து வர்ற?"

டப்பா தன் பேரைக் காட்டப் பார்த்துச்சு, அது மேல பேப்பர் ஒட்டியிருந்துச்சு. டப்பாகிட்ட சொல்றதுக்கு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்.